சிங்கராஜா அருவி நடை: வெள்ளி இரவு வெளிக்கிடுறம்

வணக்கம் உறவுகளே. வெள்ளி இரவு 7 மணிக்கு யாழ். பஸ் நிலையத்தடிக்கு வந்திடுங்கோ. கலவானை தாண்டிக் குடாவ வாசலால காட்டுக்குள்ள போறம். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவிச்ச மழைக்காடு இது. பாதை லேசு, மெல்ல நடந்தால் பிள்ளைகளும் அருவி வரைக்கும் வரலாம்.

காட்டுக்குள்ள இரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி கட்டாயம் இருக்கும். நீளக் காலுறை போட்டு, அதுக்கு மேல சவர்க்காரம் பூசுங்கோ. போனமுறை என்ர கணுக்காலில மூண்டு ஏறினது. பிடுங்காமல் உப்புத்தண்ணி விட, சுருண்டு விழுந்தது.

மேல மழையெண்டால் தண்ணி சடுதியாப் பெருகும். கலங்கத் தொடங்கினால் உடன கரையேறுங்கோ.

பொலித்தீன் வேண்டாம், சாப்பாட்டை வாழையிலையில கட்டுங்கோ. ஆறில்லாத ஊர்ப் பிள்ளைகள், அருவியை ஒருக்கா கிட்ட நிண்டு பார்க்கட்டும். வாறவை புதனுக்குள்ள பெயர் போடுங்கோ.