ஏரிக்கரைக் குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குகள் நான்கு மாற்றப்பட்டன. கிழக்குத் தெருக் கால்வாய் மழைக்கு முன்பே தூர்வாரப்பட்டது. பொதுக்குழுவுக்கு 41 வீடுகளிலிருந்து 13 பேர் வந்தார்கள்.

என் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வேறொரு வேலை: ஏரிக்கரைக்கு வரும் விலங்குகளின் தடம் பார்த்து எழுதுவது. ஊத்துக்கோட்டைச் சுற்றுவட்டாரத்து ஏரிகளின் போக்கு நமக்குத் தெரிந்ததுதான். கோடையில் ஏரியின் உள்பரப்பு முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் நீர் ஏறும். புதருக்குள் இருந்த எலி, முயல், காட்டுப்பூனை, நரி எல்லாம் கரைக்கு ஏறிவிடும். கரைக்கு இந்தப் பக்கம் நம் மதில் சுவர்.

கார்த்திகையில் ஓர் இரவு "சிறுத்தைக் குட்டி" என்று ஒரு புகைப்படம் எல்லோர் கைபேசிக்கும் வந்தது நினைவிருக்கும். மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகளும் உண்டு. விடியற்காலை நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனேன். சேற்றில் தடம் தெளிவாக விழுந்திருந்தது: வட்டமாக, நான்கு விரல், நகக்குறி இல்லை, அகலம் நாலரை சென்டிமீட்டர். நகம் படாததால் அது நாயோ நரியோ அன்று, பூனை இனம். குட்டியாக இருந்தால் தடம் சிறிதாகத்தானே இருக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மணல் நிற உடலில் ஒரு புள்ளிகூட இல்லை. கால்கள் நீளம், வால் குட்டை, அதன் நுனியில் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சிறு மயிர்க்கொத்து. சிறுத்தை குட்டியிலேயே புள்ளியும் நீண்ட வாலும் கொண்டது. வந்தது காட்டுப்பூனை, நாணலும் நீரும் உள்ள இடத்தில் எலி பிடித்து வாழும் பிராணி.

அன்று தொடங்கியதுதான் தடப் பதிவேடு. மதகடி, உபரிநீர் வழியும் கலங்கல், குப்பைத்தொட்டி ஆகிய மூன்று இடங்களிலும் சலித்த மணலைப் பரப்பி, மாலையில் சமன் செய்து, காலையில் பார்த்து எழுதி வருகிறேன். சங்கப் பணம் இதில் வீணாகிறது என்று ஒருவர் பேசியதாக என் காதுக்கு வந்தது. மணல் என் வீட்டு வேலையில் மிஞ்சியது. நோட்டு என் செலவு. ஐந்து விரலும் நீண்ட நகமும் பதிந்தால் கீரி. பிளந்த குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு குழிகள் விழுந்தால் காட்டுப்பன்றி. நரித் தடம் நாயினுடையதைப் போலவே இருக்கும். ஆனால் முன்னங்காலின் நடுவிரல் மெத்தைகள் இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். நக்கா (நரி), முங்கிசா (கீரி), அடவிபந்தி (காட்டுப்பன்றி) என்று தெலுங்குப் பெயர்களையும் சேர்த்து அறிவிப்புப் பலகை எழுதியிருக்கிறோம்; ஆந்திர எல்லை தாண்டி வந்து இங்கே வீடு கட்டியவர்களுக்கும் இது பயன்படும்.

பன்றித் தடம் பெரும்பாலும் குப்பைத்தொட்டி அருகில்தான் பதிவாகிறது. கோழிக்கழிவையும் மீந்த சோற்றையும் கரையில் கொட்டுவது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. கொட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

தை மாதம் மேற்குத் தெருவில் ஒரு வீட்டார் பரணில் சத்தம் என்று கூண்டு வைத்து மரநாய் ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் விட்டுவரக் கார் தயாராக நின்றது. அந்த வீட்டுப் பாட்டி அது புனுகுப்பூனை என்றும், திருமலைப் பெருமாளுக்குச் சாத்தும் தைலம் அதனுடையது என்றும் சொல்லிக் கைகூப்பினார். புனுகுப்பூனைக்கு உடலில் புள்ளி வரிசையும் வாலில் வளையங்களும் உண்டு. அது தரையில் திரிவது. கூண்டில் இருந்தது கருத்த உடலும் வளையமில்லா வாலும் கொண்ட மரநாய். கொய்யாவும் சப்போட்டாவும் தின்று எச்சத்தில் விதை போடுவது. அதன் வயிற்றில் மடி தெரிந்ததால் ஏணி வைத்துப் பரணைப் பார்த்தேன். பழைய தலையணைப் பஞ்சுக்குள் கண் திறக்காத குட்டிகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. பொழுது சாய்ந்ததும் கூண்டைத் திறந்துவிட்டு விளக்கை அணைத்தோம். இரவு பதினொன்றுக்குள் தாய் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி மாமரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் பரண் காலியென்று உறுதி செய்துகொண்டு ஓட்டையைக் கம்பிவலையால் அடைத்தோம். அதன்பின் அங்கே சத்தம் இல்லை.

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கூண்டு வைத்துப் பிடிப்பதும் வேட்டை என்றே கொள்ளப்படும். ஆகவே இனி எவரும் தாமாகப் பிடிக்க வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்த விலங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பற்றாக்குறை இல்லை, கையிருப்பும் சொல்லும்படி இல்லை. 17 வீடுகளின் சந்தா வரவில்லை, சில வீடுகளுக்கு இது மூன்றாம் ஆண்டு. மூடி போட்ட குப்பைத்தொட்டி வாங்கும் தீர்மானம் இதனால்தான் இரண்டு கூட்டங்களாகத் தள்ளிப்போகிறது. பன்றி வருகிறது என்று முதலில் புகார் தருவதும் அந்த வீடுகளிலிருந்துதான் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

ஒத்துழைத்த தலைவருக்கும், பேரூராட்சித் துப்புரவுப் பணியாளர்களுக்கும், இரவுக் காவலருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இப்பொறுப்பில் தொடரச் சொன்னால் தொடர்வேன். வேறொருவர் முன்வந்தாலும் மகிழ்ச்சியே. எனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. தினமும் விடியலில் மூன்று இடத்திலும் குனிந்து பார்ப்பது முன்போல் முடியவில்லை. கலங்கல் மணலை மட்டுமாவது இளையவர் ஒருவர் ஏற்றுக்கொண்டால், மழைக்கு முன் பதிவேட்டை அவரிடம் கொடுத்துத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்