காரைக்குடி கடைவீதியில் அடைபட்ட பின்வாசல்களைத் திறக்க வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஜவுளிக் கடைக்காரர்,
அம்மன் சன்னதிப் பகுதி,
காரைக்குடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: பழைய வீடுகளில் இயங்கும் கடைகளில் தீபாவளிக்கு முன் தீப் பாதுகாப்பு ஆய்வு நடத்தவும், பின்வாசல்களைத் திறக்க வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 22 ஆண்டுகளாகக் காரைக்குடியில் சிறிய ஜவுளிக் கடை நடத்தி வருகிறேன். கண்டாங்கிச் சேலையும் வேட்டியும்தான் முக்கிய வியாபாரம். கடை இருப்பது ஒரு பழைய வீட்டின் முன்கட்டில், வாடகைக்கு.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, ராத்திரி எட்டு மணி இருக்கும். எங்கள் வரிசையில் ஒரு கடையில் ரப்பர் கருகும் வாடை அடித்தது. சீரியல் பல்பு, மூன்று ஃபோகஸ் லைட், டேபிள் ஃபேன் என்று எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தார்கள். சுவிட்சு போர்டு பொறிந்து, அதற்கு மேலே விரித்துத் தொங்கவிட்டிருந்த பாலியஸ்டர் சேலையில் தீப்பிடித்துவிட்டது. சத்தம் கேட்டு நானும் ஓடினேன். தூணில் தீயணைப்பான் ஒன்று மாட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பொட்டு சரியாக அழுத்தம் காட்டும் கண்ணாடி மேலேயே இருந்தது. துடைத்துப் பார்த்தால் முள் பச்சையில் இல்லை, சிவப்பில் கிடக்கிறது. பின்னைப் பிடுங்கி அழுத்தினோம். புஸ்ஸென்று ஒரு கைப்பிடிப் பொடி வந்தது, அவ்வளவுதான். வேலைக்கு இருந்த பையன் மெயினை அணைத்தான். எரிந்த சேலையைக் கீழே இழுத்துப் போட்டு, ஜமக்காளத்தால் மூடி அமுக்கினோம். அதோடு அடங்கியது.

தீ அடங்கியது சரி. கூட்டம் ஓடியதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே முப்பது பேராவது இருந்திருப்பார்கள். போர்டு வாசலை ஒட்டி இருந்ததால் அந்தப் பக்கம் போக பயந்து, பாதிப் பேர் பின்பக்கம் ஓடினார்கள். ஓடியவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். பின்வாசலுக்கு முன்னால் அட்டைப் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கிக் கிடந்தன. பெட்டிகளை நகர்த்தியிருந்தாலும் பயன் இல்லை, கதவில் பூட்டு.

எங்கள் ஊர் வீடுகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தெருவில் முகப்பு இருந்தால் அடுத்த தெருவில் பின்வாசல். நடுவே வானம் பார்த்த வளவு, அதாவது முற்றம். தீப்பிடித்தால் ஆள் வெளியேற இரண்டு பக்கமும் வழி, புகை போக மேலே வழி. கட்டியவர்கள் தீயை நினைத்துக் கட்டினார்களோ என்னவோ, அமைப்பு அப்படி. கடையாக மாற்றும்போது நாம் செய்வது என்ன? வெயிலும் மழையும் படாமல் இருக்க வளவுக்கு மேலே ஷீட் போடுகிறோம். புகைக்கு வழி போயிற்று. பின்கட்டைக் குடோன் ஆக்குகிறோம். ஆளுக்கு வழி போயிற்று. மிச்சம் இருப்பது தேக்கு உத்தரமும், பழைய ஒயரிங்கும், துணியும்.

என் கடையிலும் பின்வழி அடைத்துத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அந்த வாரமே சரக்கை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு அப்பால் இருக்கும் கதவை என்னால் திறக்க முடியவில்லை. ஆட்சியர் அவர்களிடம் வந்ததற்கு அதுதான் காரணம். இந்த வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தம். முன்கட்டை வாடகைக்கு விட்டவர் ஒருவர்; பின்கட்டின் சாவி வேறொரு பங்காளியிடம், அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வாடகைக்காரன் கேட்டால் "கோயில் திருவிழாவுக்கு வரும்போது பார்க்கலாம்" என்பார்கள். அரசிடமிருந்து ஒரு கடிதம் போனால் பேச்சு வேறாக இருக்கும்.

2020 தீபாவளிச் சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை ஒன்றில் தீ. பழைய கட்டடம் இடிந்து விழுந்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்ததில், கல் மண்டபமே தாங்கவில்லை. மரமும் காரையுமான நம் வீடுகள் எத்தனை நேரம் தாங்கும்?

ஆகவே மாநகராட்சி, தீயணைப்புத் துறை, மின்வாரியம் மூன்றும் சேர்ந்து, புரட்டாசி முடிவதற்குள் பழைய வீடுகளில் உள்ள கடைகளை ஒருமுறை பார்க்க வேண்டும். பின்வாசல் உள்ள கடையில் வியாபார நேரம் முழுக்க அது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்று தொழில் உரிமத்திலேயே நிபந்தனை வைக்க வேண்டும். வீட்டுப் பங்குதாரர்கள் அனைவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போகச் சொன்னால் கேமராவும் ஃப்ரிட்ஜும் நின்றுவிடும் என்று யாரும் அணைப்பதில்லை. அவற்றுக்குத் தனி லைன் இழுத்துக்கொண்டால் மற்றதை அணைக்கலாம் என்று ஆய்வுக்கு வருபவர்கள் சொன்னால் போதும்.

பலகாரக் கடைகளுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் முதலில் தண்ணீரைத்தான் தூக்குகிறார்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் தீ கூரைக்கு எழும்பும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படர்ந்து பக்கத்துக் கடை வரை போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தால் அதிலேயே முறுக்கு மடித்துவிடுவார்கள். தீயணைப்பானைக் கையில் கொடுத்து ஒருமுறை அடிக்க விட வேண்டும்.

தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி வேண்டும், ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் கடை போடும் அன்றே அளந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், தீபாவளிக்கு முந்தைய வாரம் ஏதாவது ஒரு மாலை ஏழு மணிக்குத் தீயணைப்பு வண்டியை எங்கள் தெருவில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீட்டிய போர்டு, பந்தல் கால், டூவீலர் என எது தடுக்கிறதோ அதை எடுத்துவிடலாம். என் கடைத் தகரமும் ஓரடி வெளியே நிற்கிறது, முதலில் அதையே எடுக்கட்டும். ஊரணிகளுக்குப் பக்கத்தில் வண்டி நின்று தண்ணீர் உறிஞ்ச ஒரு மேடை அமைத்துக் கொடுத்தால், தண்ணீருக்காக நிலையம் வரை திரும்பிப் போக வேண்டியதில்லை.

பக்கத்துக் கடைக்காரர்களின் கையெழுத்துகளையும், பூட்டிக் கிடக்கும் பின்வாசல்களின் படங்களையும் இணைத்துள்ளேன். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் என் கடையிலிருந்தே தொடங்கலாம். காலை ஒன்பது மணிக்கு முன்பு வந்தால் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
(ஒப்பம்)
காரைக்குடி

நகல்: மாவட்டத் தீயணைப்பு அலுவலர், சிவகங்கை, ஆணையர், காரைக்குடி மாநகராட்சி.