அடுக்களையில் ஒரு பச்சை மெஷின்

டி மொயின், அயோவா, அமெரிக்கா
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. "ஐம்பது வருசப் பழைய மெஷினையா வாங்கினாய், பிள்ளை தவழுகிற வீட்டில் கரண்டு அடித்தால் என்ன செய்வாய்?" என்று நீ போனில் கேட்டபோது பாப்பா அழுதுவிட்டாள், நான் பாதியில் வைத்துவிட்டேன். நீ அதையே நினைத்துக்கொண்டு இருப்பாய் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

எங்கள் அடுக்களை நம் வீட்டில் சாமான் வைக்கிற அரங்கு அறை அளவுதான். துணி துவைக்க, கட்டிடத்தின் அடியில் இருக்கும் நிலவறைக்குப் போகவேண்டும். நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்து அங்கே ஒரே மெஷின். 25 சென்ட் காசாகப் பார்த்துச் சேர்த்து வைத்துப் போடவேண்டும். இடுப்பில் பிள்ளை, கையில் கூடை, மூன்று மாடிப் படி. போனால் வேறு யாராவது துணி போட்டிருப்பார்கள். சில நாள் கையால் அலசி வீட்டுக்குள்ளேயே ஸ்டேண்டில் போட்டேன். இரண்டு நாளானாலும் காயாது, ஈர நாற்றம் வந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, சட்டத்தின் ஓரத்தில் கரும்பூசணம் பிடித்தது. பாப்பாவுக்கு இருமல் வந்ததும் அப்போதுதான்.

நம் ஊரில் ஆடி மாதம் கொடியில் போட்ட சேலை, நீ அடுத்ததைப் பிழிந்து முடிப்பதற்குள் காய்ந்திருக்கும். இங்கேயும் காற்றுக்குக் குறைவில்லை அம்மா. ஊரைத் தாண்டினால் முப்பந்தல் மாதிரியே வரிசையாகக் காற்றாலைகள். இந்த மாநிலத்து மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றில்தான் கிடைக்கிறது. ஆனால் ஜனவரியில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை போகும். பாப்பாவின் சட்டையை வெளியே போட்டுப் பார்த்தேன், பத்தே நிமிடத்தில் அட்டை மாதிரி விறைத்து நின்றது.

அப்புறம்தான் இந்த மெஷின் கிடைத்தது. இங்கே வயதானவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது, இருக்கிற சாமான் அத்தனையையும் வீட்டிலேயே விலைக்குப் போடுவார்கள். அப்படி ஒரு வீட்டில் பார்த்தோம். மேடேக் கம்பெனியின் குட்டி மெஷின், 1970களில் வந்தது. அன்றைக்கு இங்கே அடுக்களைச் சாமான் எல்லாம் பட்டர் ஃப்ரூட் தோல் மாதிரி ஒரு பச்சையில் வரும், இதுவும் அந்தப் பச்சைதான். துவைக்கிற வாஷரும் காயவைக்கிற டிரையரும் ஜோடியாக 80 டாலர்.

கீழே இருக்கிற வாஷர் உனக்குப் புதிதே இல்லை. நம் வீட்டு செமி ஆட்டோமேட்டிக் மாதிரி இரண்டு தொட்டி: ஒன்றில் துவைக்கவேண்டும், மற்றதில் பிழியவேண்டும். அடியில் சக்கரம் உண்டு. குழாயை அடுக்களைப் பைப்பில் மாட்டிக்கொள்கிறேன். முதலில் வெள்ளைத் துணி, அதே சோப்புத் தண்ணீரில் அடுத்து கலர்த் துணி, கடைசியில் கால்மிதி. நீ செய்வது போலவேதான்.

மேலே இருப்பது டிரையர், வெந்நீர் அண்டாவைப் படுக்க வைத்தது போல. இரும்புச் சட்டத்தில் அதை வாஷருக்கு மேலே நிறுத்தியிருக்கிறோம். இதில்தான் ரொம்ப யோசிக்க வேண்டியிருந்தது. முன்பக்கம் கதவு உள்ள மெஷின் என்றால் ஒன்றின் தலையில் ஒன்றை வைத்து இறுக்கிவிடலாம். இது மேலே மூடி உள்ளது. மூடி முழுசாகத் திறக்கவேண்டும், நான் குனிந்து துணியை எடுத்து அடுத்த தொட்டியில் போடவேண்டும், டிரையர் தலையில் இடிக்கக்கூடாது. அந்த உயரம் விட்டால் சட்டம் ஆடும். அதனால் சுவருக்குள் இருக்கும் மரத்தூணைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, அதில் நீளத் திருகாணி போட்டுச் சட்டத்தைப் பிடித்திருக்கிறோம். பாப்பா பிடித்து இழுத்தாலும் அசையாது. வீட்டுக்காரரிடம் முன்னாலேயே எழுதி வாங்கிவிட்டோம்.

இனி நீ கேட்ட கரண்டு விஷயம். பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். மேடேக் தொழிற்சாலையில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அது இங்கிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சுமாரில் நியூட்டன் என்கிற சின்ன ஊரில் இருந்தது. 1893இல் விவசாயக் கருவி செய்ய ஆரம்பித்த கம்பெனி, 1907இல் துவைக்கிற மெஷினுக்கு வந்தது. ஊரே அதை நம்பித்தான் இருந்ததாம். 2006இல் வேர்ல்பூல் கம்பெனி அதை வாங்கியது, அடுத்த வருசமே நியூட்டன் ஆலையை மூடிவிட்டார்கள். தாத்தா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பச்சை மெஷினைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் டிரம்மை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். இன்னொரு சுற்று. "பேரிங் நன்றாக இருக்கிறது" என்றார்.

பெல்ட், ரப்பர் குழாய், மின்வயர் மூன்றையும் அவரே புதிதாக மாற்றினார். ரப்பர் பழசானால் நம்பக்கூடாது, இரும்பை நம்பலாம் என்பது அவர் கணக்கு. சுவர் பிளக்கையும் மாற்றச் சொன்னார். கரண்டு கசிந்தால் அந்தக் கணமே தானாக அணைந்துவிடுகிற பிளக். எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டாயிற்று. ஆகையால் பயப்படாதே.

ஒரு குறை உண்டு. பெரிய டிரையருக்கு இங்கே 240 வோல்ட்டில் தனி லைன் வேண்டும், 5,000 வாட் அளவுக்கு இழுக்கும். எங்கள் அடுக்களையில் சாதாரண 120 வோல்ட்தான், 1,800 வாட்டுக்கு மேல் தாங்காது. இந்தக் குட்டி டிரையர் அதற்குள் அடங்குகிறது, அதனால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முதல் வாரம் அது ஓடும்போதே மிக்ஸியில் தேங்காய் அரைத்தேன், அடுக்களையே இருட்டாகிவிட்டது. இப்போது அரைப்பதை முடித்துவிட்டுத்தான் துணி. பிழிகிற தொட்டியில் இரண்டு நிமிடம் கூடுதலாக விடுகிறேன். தண்ணீரைச் சுற்றி வெளியேற்றுவதற்கு ஆகிற கரண்டு கொஞ்சம், சூட்டால் ஆவியாக்குவதற்குத்தான் நிறைய.

டிரையர் விடுகிற ஈரக் காற்று வீட்டுக்குள் நின்றால் பூசணம் திரும்ப வரும். ஜன்னலின் கீழ்ப்பாதியில் பலகை வைத்து, ஓட்டை போட்டு, நான்கு அங்குலத் தகரக் குழாய் வழியாக வெளியே விட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியைக் கழற்றினால், சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு பஞ்சுத்தூசி, ஆடை மாதிரி உரிந்து வரும். அதை எடுக்காமல் விட்டால் தீப்பிடிக்கலாம். அதனால் மறப்பதே இல்லை.

இன்னொன்று. பாப்பாவுக்கு நீ சொன்னபடி எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறேன். ஆனால் எண்ணெய் துடைத்த துண்டை டிரையரில் போடுவதில்லை. துவைத்தாலும் கொஞ்சம் எண்ணெய் தங்கும், சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளலாம். அதை மட்டும் ஸ்டேண்டில் காயப்போடுகிறேன்.

நேற்று ராத்திரி வெளியே பனி கொட்டியது. டிரம் சுற்றுகிற சத்தத்தில் பாப்பா தூங்கிவிட்டாள். சூடாக எடுத்த அவள் சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். நம் வீட்டுக் கொடியிலிருந்து மத்தியானம் உருவுகிற துணியின் சூடு.

அண்ணன் சித்திரையில் வரும்போது, பாப்பாவுக்குக் கட்ட அப்பாவின் பழைய வேட்டி இரண்டு கொடுத்தனுப்பு. சதுரமாகக் கிழித்தால் போதும், ஓரம் தைக்காதே. தையல் உள்ள இடம் மட்டும் காயாமல் ஈரமாகவே நிற்கிறது.

உன் அன்பு மகள்