முதல் கயாக் வாங்கப் போகிற மகனுக்கு

முட்டம்

மக்களே,

நீ அனுப்பின படத்தை உன் தங்கச்சி போனில் பெரிசாக்கிக் காட்டினாள். காலால் மிதிக்கிற கயாக் (ஒற்றை ஆள் ஓட்டுகிற குறுகலான சின்னப் படகு), அடியில் சின்ன புரொப்பெல்லர், விலை மூவாயிரம் டாலர். படகு நல்ல படகுதான். நீ வாத்து வேட்டைக்குப் போகிற ஏரிக்கு அது ஆகாது.

போன வருஷம் நான் அமெரிக்காவில், உன் மின்னசோட்டாவில் இருந்தபோது நீ கூட்டிக்கொண்டு போன ஏரிகளை நினைத்துப் பார். பாதி இடத்தில் முழங்கால் ஆழம்தான். காட்டு நெல் தலைக்கு மேலே நிற்கிறது. வாத்து இறங்குவதும் அந்த நெல்லுக்குள்தான். அங்கே மிதித்தால் பத்தடி போவதற்குள் தண்டும் பாசியும் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். மிதிக்கிற படகு ஆழத் தண்ணீரில் நாள் முழுக்க வால்ஐ என்கிற ஏரி மீனுக்குத் தூண்டில் இழுக்கிறவனுக்கு. உனக்குத் துடுப்பு போதும். ஒன்று, அகலப் படகுக்குக் குட்டைத் துடுப்பு வாங்கினால் விரல் முட்டி பக்கத்தில் இடித்துப் பெயர்ந்துவிடும். 250 சென்டிமீட்டர் பக்கம் பார்.

உள்ளே இறங்கி உட்காருகிற கயாக்தான் வேட்டைக்கு நல்லது, தாழ்வாக இருக்கும், குளிரும் அடிக்காது என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கின அந்த மாதிரிக் கயாக்கிலிருந்து நான் கரையில் இறங்கும்போது கவிழ்ந்ததை மறந்துவிட்டாயா? இடுப்பளவு தண்ணீர். படகுக்குள் நிறைந்த தண்ணீரோடு அதைப் புரட்ட நாம் இரண்டு பேர் பட்ட பாடு! நடு ஏரியில் நீ ஒற்றை ஆளாக என்ன செய்வாய்? பழங்காலத்திலிருந்தே கயாக் செய்த, வட துருவப் பக்கத்து இனுயிட் ஆட்கள் சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போகும்போது தோல் சட்டையைப் படகின் வாயோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்களாம். கவிழ்ந்தாலும் ஒரு சுழற்றில் எழும்பி வருவார்களாம். அந்த வித்தை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் முப்பது வருஷம் ஓட்டின கட்டுமரத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. அலை மேலே ஏறும், மரங்களுக்கு இடையில் இறங்கிப் போகும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறி உட்கார வேண்டியதுதான். மேலே உட்காருகிற கயாக்கும் அதே கணக்கு: மூடின உடம்பு, உட்காரும் இடத்தில் தண்ணீர் வடிய ஓட்டை. நனையத்தான் செய்யும். அதற்கு உடுப்பு உண்டு. வாங்கின முதல் வாரமே, வெயில் இருக்கும்போது, வேண்டுமென்றே கவிழ்த்து நாலு தடவை ஏறிப் பழகு.

இனி பாரம். 400 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதே. அதில் நூற்றுக்கு எழுபதுதான் கணக்கு, அதாவது 280. நீ 180, நாய் 65, வாத்தை ஏமாற்றி இறக்க மிதக்கவிடுகிற பொம்மை வாத்து ஒரு டஜன் 20, துப்பாக்கி 8, தோட்டா, நங்கூரம், குளிர் உடுப்பு எல்லாம் 25. இப்போதே 298. படகு தாழ்ந்து போனால் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வரும். 450-க்குக் குறைந்து வாங்காதே. அகலம் 34 அங்குலமாவது வேண்டும், நாய் குதிக்கும்போது தெரியும் ஏன் என்று.

அவ்வளவு பெரிய படகு 80 பவுண்டு வரும். கட்டுமரம் என்றால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து ஆளுக்கொரு மரமாகத் தூக்கிவிடலாம். இதை அவிழ்க்க முடியாது. கடையிலேயே ஒற்றை ஆளாகத் தூக்கி உன் கார் உயரத்துக்கு ஏற்றிப் பார். விற்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும். முடியவில்லை என்றால் சின்ன தள்ளுவண்டி ஒன்றும் சேர்த்து வாங்கு. பத்தடிக்கு மேல் நீளம் என்றால் அங்கே பதிவு நம்பர் எடுக்க வேண்டும், அதையும் செலவில் எழுது.

புதுசுதான் வேண்டும் என்று இல்லை. சீசன் முடிகிற சமயம் பழையது மலிவாக வரும். கவிழ்த்துப் போட்டு, அந்த ஓட்டைகளின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவிப் பார். மயிரிழை விரிசல் அங்கேதான் விழும். உள்ளே தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வை, எங்கே கசிகிறது என்று அதுவே சொல்லும்.

அங்கே அக்டோபர் மாதக் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய்: விழுந்தால் மூச்சுத் திணறல் அடங்க ஒரு நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். ஆனி ஆடிக் கடலில் நான் விழுந்திருக்கிறேன், ஆனால் அது வெதுவெதுப்பான தண்ணீர். ஆகையால் லைஃப் ஜாக்கெட்டைப் பின்னால் கட்டி வைக்காதே, போட்டுக்கொள். மிச்சம் பிடிக்கிற காசில் முதலில் வாங்க வேண்டியது அதுதான். துப்பாக்கியில் தோட்டா போடுவது, நெல்லுக்குள் படகு அசையாமல் நின்ற பிறகு. சுடுவது முன்பக்கம் மட்டும். பக்கவாட்டில் திரும்பிச் சுட்டால் அதன் உதை உன்னைத் தண்ணீரில் தள்ளும்.

அம்மாவிடம் மீன் பிடிக்க என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். போனில் நீயாக வாத்துப் பேச்சை எடுக்காதே. நாய் எதற்குப் படகில் என்று நேற்றே கேட்டுவிட்டாள்.

அப்பா