பின்தொடர்ந்து தொல்லை தரும் வழக்குகளை 'எழுதி வாங்கி' முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில், ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர் மீது தரப்படும் புகார்கள் எப்படி முடித்துவைக்கப்படுகின்றன என்பது குறித்து எழுதுகிறேன். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றவருக்கு 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததை நாடே பேசியது. அதற்கு முந்தைய மாதம், நம் கடற்கரையின் வடக்கே மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில் ஆசிரியை ஒருவர் குத்திக் கொல்லப்பட்டபோதும் பேசினோம். கொலை வரை போகாத நூற்றுக்கணக்கான தொல்லைகள் காவல் நிலையத்திலும் நடுவர் நீதிமன்றத்திலும் என்ன ஆகின்றன என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்க்கப்பட்ட பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல், அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக இருக்கிறது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இதன்படி குற்றம். நாடு முழுவதற்குமான இந்தச் சட்டத்தில் முதல் முறை தண்டிக்கப்பட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். மறுமுறை தண்டிக்கப்பட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடத்தகாத குற்றம். அதாவது, இச்சட்டத்தின் முழு வலிமையும் முதல் தண்டனை என்று ஒன்று பதிவாவதைச் சார்ந்தே நிற்கிறது.

அந்த முதல் தண்டனைதான் இங்கே பதிவாவதில்லை. பல ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் பணிபுரிந்தவள் என்ற முறையில், புகாரோடு போன பெற்றோர் திரும்பி வந்து சொன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். புகார் பெறப்படும், முதல் தகவல் அறிக்கை போடாமல், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும் கொடுக்கப்படும், மறுநாள் இரு தரப்பையும் அழைத்து, 'இனிமேல் அந்தப் பெண் இருக்கும் பக்கம் போகமாட்டேன்' என்று பையனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். சில ஊர்களில் அதுகூட வேண்டாமென்று ஊர்க் கூட்டத்திலேயே பேசி, பொதுவுக்கு அபராதம் கட்டவைத்து முடித்துக்கொள்கிறார்கள். பையனின் எதிர்காலம் கெட்டுவிடும் என்பார்கள், பெண்ணின் பெயர் வெளியே வந்துவிடும் என்பார்கள். இந்த இரண்டு அச்சங்களும் பொய்யல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் ஆறு மாதம் கழித்து, இறால் கம்பெனி வேனுக்கு விடியற்காலையில் காத்து நிற்கும் அதே பெண்ணை மீண்டும் வழிமறித்தால், சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் முதல் முறை குற்றம் செய்தவர்தான். தகப்பனும் அண்ணனும் கடலுக்குப் போய்விட்ட வீட்டில், அந்தப் பெண் மறுபடியும் புகார் கொடுக்கத் துணிவாளா?

பின்தொடர்தல் போல, பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யக்கூடிய 'புலன்கொள்ளத்தக்க' குற்றம் என்று தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பின்தொடர்தல் குற்றம் இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலிலும் இல்லை. அதனால் மக்கள் நீதிமன்றத்துக்கும் இதை முடித்துவைக்க அதிகாரம் கிடையாது. தண்டனைக் குறைப்புக்காகப் பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முறையும், பெண்களுக்கு எதிரான குற்றம் என்பதால், இதற்குப் பொருந்தாது. நீதிமன்றத்துக்கே இல்லாத சமரச அதிகாரத்தைக் காவல் நிலையத்தின் மேசையோ ஊர்க் கூட்டமோ எடுத்துக்கொள்வதை எப்படி ஏற்க முடியும்?

நீதிமன்றம் வரை போகும் சில வழக்குகளும் பெரும்பாலும் வாய்தாவிலேயே தளர்ந்துவிடுகின்றன. பெண்ணின் வாக்குமூலத்தை நடுவரே நேரில் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை பெண் நடுவர் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் சாட்சி விசாரணை தொடங்கும்போது, நேரில் பார்த்தவர் கடலுக்குப் போகும் நாளும் வாய்தா நாளும் ஒன்றாகிவிடும். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வந்தவருக்கு அடுத்த தேதி கொடுத்து அனுப்பினால், மூன்றாவது முறை அவர் வரமாட்டார். இதற்கிடையில் இரண்டு குடும்பங்களும் பேசி முடித்திருக்கும்; பெண்ணே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாவாள்; வழக்கு விடுதலையில் முடியும்.

குற்றம் நிரூபணமானால் தண்டனை எவ்வளவு என்பது முழுக்க நடுவரின் கையில் இருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை எதையும் இப்பிரிவு சொல்லவில்லை. நீதிமன்றம் கலையும் வரை இருக்கச் சொல்லி அபராதத்தோடு அனுப்பவும் முடியும், மூன்று ஆண்டு சிறைக்கு அனுப்பவும் முடியும். இருபது வயதுப் பையனை நீண்ட காலம் சிறையில் அடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில், அந்தப் பெண்ணை நேரிலோ கைபேசியிலோ நண்பர் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனையுடன் விடுவிக்கலாம். நிபந்தனையை மீறினால் தண்டனை காத்திருக்கும். அபராதத்தைக் கட்டிவிட்டு அன்று மாலையே அதே பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்பதைவிட அது எத்தனையோ மேல்.

1998இல் சென்னையில் ஆண்கள் சிலரின் தொல்லையால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்ததை அடுத்து, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அச்சட்டத்தைத் திருத்த நமது சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவில், தண்டனை உயர்வோடு, துன்புறுத்துபவர் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளத் தடை விதிக்கும் பாதுகாப்பு ஆணையும் இடம்பெற்றது. தண்டனை உயர்வைக் காட்டிலும் இந்த ஆணைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. முதல் முறை குற்றம் ஜாமீனில் விடத்தக்கது, அதாவது ஜாமீனை உரிமையாகவே பெறலாம் என்னும்போது, விலகி இரு என்று ஜாமீன் நிபந்தனை போட வழியில்லாமல் போகிறது. அந்த இடைவெளியை இத்தகைய ஆணையால்தான் நிரப்ப முடியும். தொண்டியிலும் பாம்பனிலும் சாயல்குடியிலும் எத்தனை பெண்களுக்கு இப்படி ஓர் ஆணை கேட்கலாம் என்பது தெரியும்? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் முகாம்களில் இதை முதலில் சொல்ல வேண்டும்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், எழுதி வாங்கி முடிக்கப்பட்ட மனுக்களை மறு ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டும். அரசு உதவி வழக்கு நடத்துநர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விடுதலைத் தீர்ப்பையும், குறைந்த இழப்பீட்டையும் எதிர்த்துப் பாதிக்கப்பட்ட பெண் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமையில்லை, அரசு மட்டுமே செய்ய முடியும். வெறும் அபராதத்தோடு முடியும் ஒவ்வொரு தீர்ப்பின் நகலையும் படித்துப் பார்த்து, மேல்முறையீட்டுக்கான காலக்கெடு முடிவதற்குள் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப அவர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.