ஜிகினாவைக் கழற்றாதே

அன்புள்ள பாலா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இருபது வருஷத்துக்குப் பிறகு ஐந்து பேரும் மறுபடி கிட்டாரைத் தூக்குகிறீர்கள் என்பது அதைவிட நல்ல செய்தி. ஆனால் "இந்த வயசில் மெட்டல் வாசித்தால் சிரிப்பார்கள், பேசாமல் விக் மாட்டிக்கொண்டு நாமே காமெடியாகச் செய்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். வேண்டாம்.

மெட்டலில், அந்தக் கனத்த ராக் இசையில், ஜிகினா இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? டிராகன், வாள், ஆணி அடித்த தோல் பட்டை, தொண்டை கிழியும் அலறல் எல்லாம் உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் துரியோதனனை என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்வான். வேஷம் கட்டியவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் அன்றைக்குக் கூத்து படுத்துவிடும். இங்கும் அதே கணக்குதான். கூட்டம் சிரிக்கட்டும். மைக் பிடித்தவன் சிரிக்கக் கூடாது.

போன வருஷம், 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பாடியதைப் பார்த்திருப்பாய். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர் வௌவால் வைத்த கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து மேடைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். காகிதத்தில் எழுதினால் சுத்த சர்க்கஸ். அங்கே நின்றவர்கள் அழுதார்கள். 17 நாளில் ஆள் போய்விட்டார். அந்தச் சிம்மாசனத்தை எடுத்துவிட்டால் அந்த மாலையில் என்னவோ குறைந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்கள் பட்டியலில் முதல் பாட்டே பிளாக் சபாத்தின் பெயர்ப்பாட்டு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை பார்த்து வெளியிட்ட ஆல்பம். மழை, இடி, மாதாகோவில் மணி என்று தொடங்கும். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, மூன்றே சுரம்: ச, மேல் ச, பிரதி மத்யமம். மேற்கில் இதைப் பிசாசின் இடைவெளி என்பார்கள். 72 மேளத்தில் பாதியில் பிரதி மத்யமம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அதில் பிசாசு எங்கே? அதனால் சுரத்தை நம்பி உட்காராதே. பயம் வருவது அந்த மந்த நடையிலும், சுரத்துக்குச் சுரம் விட்ட வெறுமையிலும், கடைசிச் சுரத்தை ஆட்டும் விரலிலும். உங்கள் டிரம்மர் வெறுமையைக் கண்டால் ரோல் போட்டு நிரப்புவார். கையைக் கட்டிப் போடு. பாடுபவரிடம் ஒன்று சொல்: இந்தப் பாட்டுக்காரன் சாத்தானைக் கூப்பிடவில்லை, சாத்தானைக் கண்டு நடுங்கிக் கடவுளிடம் கெஞ்சுகிறான். மிரட்டுகிற குரலில் பாடினால் பாட்டு செத்தது.

அந்தக் கனத்த ஓசையும் கெட்டப்புக்காக வந்ததில்லை. சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி இடதுகைக்காரர். 17 வயதில் தகரப் பட்டறை இயந்திரத்தில் வலதுகை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தார். 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது சுலபம், கூடவே ஓசையும் பாதாளத்துக்குப் போகும். நீங்களும் இறக்குவதென்றால் கம்பியை ஒரு சைஸ் தடிமனாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் தொளதொளவென்று ஆடி, அழுத்தும்போதெல்லாம் சுருதி ஏறும்.

ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழு விஷயத்தில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய சமையலறை. 1980-இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பம் பதிவு செய்தபோது, 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இயந்திர மனிதர்கள் அணிவகுத்து வரும் சத்தத்துக்கு ஸ்பூன், ஃபோர்க் போட்ட தட்டை மைக் முன்னால் குலுக்கினார்கள். கண்ணாடி உடைய வேண்டுமா, பால் பாட்டில் போதும். உலகத்தை ஆளும் இரும்புத் தெய்வங்களுக்குக் கரண்டிச் சத்தம்! நினைத்தால் சிரிப்பு வருகிறது. பதிவைக் கேட்டால் வரவில்லை.

அயர்ன் மெய்டன் குழுவின் 'தி ட்ரூப்பர்' தான் உங்களைக் கவிழ்க்கப் போகிறது. குதிரை ஓட்டத் தாளம் 'தா-கிட': தாவுக்கு இரண்டு, கி ஒன்று, ட ஒன்று, ஆக நான்கு. வேகம் ஏறினால் எல்லோருக்கும் அது சம அளவுத் 'தகிட' ஆகிவிடும், சதுஸ்ரம் திஸ்ரமாகிக் குதிரை நொண்டும். வலது கையில் கீழ்-கீழ்-மேல். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து, பிசகாமல் இரண்டு நிமிடம் ஓடினால் மட்டும் ஐந்து ஐந்தாக ஏற்று. 160 தொட்டால் போதும்.

இரட்டைக் கிட்டாரில் இரண்டாவது ஆள் எப்போதும் மூன்று அரைச்சுரம் மேலே வாசித்தால் அபசுரம்தான். ஈ மைனர் என்றால் நம் நடபைரவி, அதற்குள்ளேயே நிற்க வேண்டும். ஈ-க்கு ஜி, மூன்று அரைச்சுரம். ஜி-க்கு பி, நான்கு. அங்கேயும் மூன்றே வைத்தால் பி ஃபிளாட் வந்து நிற்கும், ராகத்திலேயே இல்லாத சுரம். இருவரும் வைப்ராட்டோவை (சுரத்தை விரலால் ஆட்டுவதை) ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே அகலத்தில் ஆட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு ஆம்புலன்ஸ் கடந்து போவது போலிருக்கும்.

ஆம்ப்: கெய்ன் (கரகரப்பைக் கூட்டும் குமிழ்) பாதிக்கு மேல் வேண்டாம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டை (நடு ஓசையை) குறைத்தால் பிரம்மாண்டமாகத் தெரியும். மேடையில் டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். மிட் 7, பேஸ் 5. ரிஃபில் மூலச்சுரமும் பஞ்சமமும் மட்டும். நடுவில் காந்தாரம் சேர்த்தால் டிஸ்டார்ஷனில் சேறாகிவிடும்.

'ஹோலி டைவர்' பாடப்போகிறவருக்கு: அதைப் பாடிய ரானி ஜேம்ஸ் டியோ சிறுவயதில் டிரம்பெட் வாசித்தவர், மூச்சுப் பயிற்சி அங்கிருந்து வந்ததாகச் சொல்வார். வரிகளைப் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. அவரோ ஒவ்வொரு மெய்யெழுத்தையும் சத்தியம் செய்வதுபோல உச்சரிப்பார். வரிக் கடைசியில் உயிரெழுத்தை முதலில் நேராகப் பிடித்து, பிறகு அசைக்கச் சொல். எடுத்ததுமே ஆட்டினால் மிமிக்ரி. அந்த இருவிரல் கொம்பு முத்திரை இத்தாலிய வம்சப் பாட்டியிடமிருந்து அவருக்கு வந்தது. திருஷ்டி கழிக்கிற முத்திரை, நம் வீட்டுப் பாட்டிக்கும் புரியும். கட்டைவிரல் மடிந்து நடு இரண்டு விரல்களையும் பிடித்திருக்க வேண்டும். நீட்டினால் அமெரிக்க சைகை மொழியில் 'ஐ லவ் யூ'.

மானோவார் குழுவின் பாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1983-இல் ஒப்பந்தத்தில் ரத்தத்தால் கையெழுத்திட்ட ஆட்கள், இன்றுவரை கண்ணடித்ததில்லை. எனக்கு ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. எண்பதுகளின் கடைசி லாஸ் ஏஞ்சலஸ் காதல் பாட்டைத்தான் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. கடைசி பல்லவியில் ஒரு முழுச்சுரம் தூக்கினால் கண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் செய்த சரக்கு. அதற்கு சபாத்தின் பிளாஸ்டிக் விரலுறையே மேல்.

மேடைக்குப் புகை வைப்பதாக எழுதியிருந்தாய். அரங்கத்தில் புகை அலாரம் இருக்கிறதா என்று முன்னாடியே கேள். இயந்திரத்தைப் பாடகர் காலடியில் வைக்காதே, இரண்டாம் பாட்டிலேயே தொண்டை கட்டும். பின்திரை அளவை 'அடி' என்று எழுத்தால் எழுதிக் கொடு. 1983-இல் சபாத் ஸ்டோன்ஹெஞ்ச் செட் கேட்டபோது, அடி மீட்டராகிப் பெரும்பாலான அரங்குகளுக்குள் நுழையாத கற்கள் வந்து இறங்கின.

'தா-கிட' ஒத்திகையைப் பதிவு செய்து அனுப்பு. முதலில் 100-இல் உள்ளதை.

அன்புடன்,
ரவி