எலும்பும் படமும் ஒரே மேசையில் இருக்கட்டும்

பல் மருத்துவப் பாடத்திட்டக் குழுவினருக்கும், உடற்கூறியல், வாய்க் கதிரியல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பல பாடத்திட்டங்களில் கீழ்த்தாடை எலும்பு முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. எக்ஸ்ரே படம் பாடமாக வரும்போது ஆண்டுகள் கடந்திருக்கும். அதற்குள் எலும்பு மறந்துபோகும். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் வேர்நுனியில் தெரியும் கருவட்டம், நரம்பு வெளிவரும் இயல்பான துளையான மெண்டல் ஃபொராமென் என்பது நினைவில் இல்லாதவர், அதை நோய் என்று எழுதி நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சையைத் தொடங்கிவிடக்கூடும். வேரைச் சுற்றிய லாமினா டூரா (பல்குழியின் எலும்புச் சுவர் படத்தில் விழும் வெள்ளைக்கோடு) அறுபடாமல் இருக்கிறதா, எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்த இரண்டாவது படத்தில் கருமை வேரை விட்டு விலகுகிறதா, பல் குளிர்ச் சோதனையை உணர்கிறதா என்று பார்த்தாலே ஐயம் தீரும். ஆனால் அந்தத் துளை கன்னப்பக்கத்து எலும்பில் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது ஏன் நகர்கிறது என்பது புரியும்.

எங்கள் கோரிக்கை, முதலாண்டிலேயே இரு துறைகளும் சேர்ந்து நடத்தும் 90 நிமிடச் செய்முறை வகுப்பு. கூடுதல் விரிவுரை வேண்டாம். அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

ஆறு பேருக்கு ஓர் உலர்ந்த கீழ்த்தாடை. முதல் 20 நிமிடம் படம் எதையும் காட்டக் கூடாது. விரலாலும் மெல்லிய கம்பியாலும் துளைகளையும், நாக்குப்பக்கத்தில் ஓடும் மைலோஹயாய்டு மேட்டையும் தேடட்டும். படத்தில் எது எங்கே விழும் என்று தாளில் வரைந்த பிறகே எக்ஸ்ரே. முதலில் அடையாளம் எதுவும் இல்லாமல் ஒன்று; பிறகு மெண்டல் ஃபொராமெனில் குட்டா பெர்ச்சா முனையும் (வேர் சிகிச்சையில் அடைக்கப் பயன்படும் மெல்லிய குச்சி), மேட்டின் மேல் ஈயத்தாள் கீற்றும் வைத்து இன்னொன்று. இரண்டையும் மெழுகால் ஒட்டாவிட்டால் நழுவிவிடும். மூன்றாவது படத்துக்குக் குழாயை 20 டிகிரி பக்கவாட்டில் நகர்த்துங்கள். நாக்குப்பக்கத்துப் பொருள் குழாய் போன திசையிலும், கன்னப்பக்கத்துப் பொருள் எதிர்த்திசையிலும் போவதை மாணவர் கண்ணால் பார்ப்பார்.

வழக்கமாகக் கெடுவது எக்ஸ்போஷர், அதாவது கதிர் அளவுதான். உலர்ந்த எலும்பைச் சுற்றித் தசை இல்லாததால் நோயாளிக்கான அளவை வைத்தால் மெல்லிய பகுதிகள் கறுத்து மறைந்துவிடும். கன்னப்பக்கத்தில் 10 முதல் 15 மி.மீ. மெழுகுத் தகடு வைத்து, மிகக் குறைந்த நேரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பிளாஸ்டிக் மாதிரிகள் இதற்கு உதவாது. அவற்றில் உள்ளெலும்பின் வலைப்பின்னல் இல்லை. படம் ஒரே சாம்பலாக வரும்.

இன்னொரு சோதனையையும் சேர்க்க வேண்டுகிறோம். ஒரு விலங்குத் தாடையில் பல்லைப் பிடுங்கி, குழியின் அடியில் உள்ள பஞ்சு எலும்பை மட்டும் வட்டப் பர்ரால் (பல் துளைக்கும் கருவியின் உருண்டை முனை) குடைந்து, பல்லைத் திரும்பப் பொருத்திப் படம் எடுங்கள். பெரும்பாலும் எதுவும் தெரியாது. குடைவு வெளிப்புறக் கெட்டி எலும்பின் உள்பரப்பைத் தொட்ட பிறகுதான் கருமை தெளிவாக வரும். படம் சுத்தமாக இருந்தும் நோயாளிக்கு ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

மேல்தாடைக்கும் இதே முறை போதும்: முன்பற்களுக்கு நடுவே இன்சைசிவ் ஃபொராமென் என்ற துளை, வேர்களுக்கிடையே இறங்கும் சைனஸ் (மேல்தாடைக் காற்றறை) தரை, கடைவாய்ப்பல் வேர்களை மறைக்கும் கன்ன எலும்பின் ‘யூ’ வடிவ நிழல். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜியை இரண்டாமாண்டுக்கு விடலாம். எதிர்ப்பக்கத் தாடை, சற்று உயரத்தில், மங்கலாக விழும் பேய்நிழலை அதற்கு முன் விளக்கினால் குழப்பமே மிஞ்சும்.

முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் உடன்படவில்லை. அன்றாட மருத்துவ அறையில் கையில் கிடைப்பது தட்டைப் படம்தான். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல்களைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் முப்பரிமாணத் திரையில் வளராது. ஞானப்பல் வேர் நரம்புக் கால்வாயைக் கடக்கும் இடத்தில் கறுத்தாலோ, கால்வாயின் வெள்ளைக்கோடு அறுந்தாலோ, கால்வாய் வளைந்தாலோ அப்போது சிபிசிடி கேட்கலாம். கேட்க வேண்டும் என்று உணர்வதற்கே முதல் படத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர் மேல் பயிற்சிக்காகக் கதிர் பாய்ச்சுவதை முற்றிலும் தடை செய்யுங்கள். பழைய நோயாளிகளின் படங்களைப் பயன்படுத்தினால் திரையில் தெரியும் பெயரை மட்டுமல்ல, டைகாம் எனும் மருத்துவப் படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரங்களையும் நீக்க வேண்டும்.

தேர்வு மாறாவிட்டால் வகுப்பும் மாறாது. செய்முறைத் தேர்வில் ஒரு நிலையத்தை இதற்கு ஒதுக்குங்கள்: எலும்பில் ஊசி குத்திய இடத்தை மாணவர் படத்தில் குறிக்க வேண்டும், ஏன் அங்கே என்று இரண்டு வரி எழுத வேண்டும். பெயருக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு மூன்று. தாளை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து திருத்தட்டும்.

இப்படிக்கு,
வாய்க் கதிரியலும் உடற்கூறியலும் கற்பிப்போர்